மாமன் வராத பந்தி

டோங்ஷான் தீவு,
பன்னிரண்டாம் மாதம், ஐந்தாம் நாள்.

தம்பி போகனுக்கு,

உன் அக்கா பீயுன் எழுதுவது. நீ சுகமா, உரும்சியில் பனி எத்தனை அடி என்றெல்லாம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். அதற்கெல்லாம் இப்போது எனக்குப் பொறுமை இல்லை. உன் மருமகன் யீஃபெங்கின் கல்யாணம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. என் கால் வீக்கமும் வற்றவில்லை, உன் மேல் உள்ள எரிச்சலும் வற்றவில்லை.

போனில் திட்டியிருப்பேன். உன் பழைய எண் நாலு வருஷமாக உயிரோடு இல்லை. நம் சித்தப்பா மகன் ரோங்தியானிடம் புது எண் இருக்கிறது, கேட்டால் தருவான். ஆனால் நீ எனக்குத் தராததை அவனிடம் வாங்க மாட்டேன். உன் பார்சலில் ஒட்டியிருந்த விலாசச் சீட்டைக் கிழித்து வைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு வகையில் இதுவே நல்லது. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை என்ன செய்வாய்? மடித்து வைப்பாய், கை சும்மா இருக்காது, மறுபடி பிரிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால், தாய்மாமன் முறைக்குச் சுவரில் மாட்ட நீ அனுப்பிய பட்டு வந்தது. சிவப்பு வெல்வெட்டு, பொன் எழுத்து, ஆள் உயரம். உன் அத்தான் அதைக் கூடத்தில் விரித்ததைப் பார்த்து அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தேன். சட்டியில் இருந்த சிப்பி அத்தனையும் கருகிப்போனது. போனால் போகட்டும், மாமன் பட்டு வந்தால் பின்னாலேயே மாமன் வருகிறான் என்றுதானே அர்த்தம்? நம் ஊரில் எந்த மாமனாவது பட்டை அனுப்பிவிட்டு உடம்பை அனுப்பாமல் இருந்திருக்கிறானா? பெட்டிக்குள் ஒரு வரி கடிதம் இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து உதறிக்கூடப் பார்த்தேன்.

ரோங்தியான் வேறு, "கட்டைவிரலத் தூக்கிக் காட்டுற பொம்மை ஒண்ணு போன்ல அனுப்பியிருக்கான்க்கா, கட்டாயம் வந்துருவான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நானும் நம்பினேன். தலைமேசையில் உன் நாற்காலிக்குப் புது மெத்தை தைத்தேன். பட்டைக் கூடத்து நடுச்சுவரில், எல்லாவற்றுக்கும் மேலே, ஏணி போட்டு நானே மாட்டினேன். அதன் கீழ்ப்பக்கம் ஒரு பெரிய காகிதப் பூவையும் நானே குத்தினேன். அந்தப் பூவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கல்யாணத்தைப் பற்றிக் கேள். இதைக் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். பெண் ரூயி ஹெனான்காரி. யீஃபெங் படித்த கல்லூரியில் படித்தவள். நல்ல பெண்தான், வாய்தான் காது வரைக்கும். ஹோட்டல் வேண்டாம், மேடை வேண்டாம், வாடகைக் கார் வேண்டாம், எல்லாம் நம்ம வீட்டு ஆட்களே ஜாலியாகச் செய்துகொள்ளலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்டார்களா? சொன்னார்கள். உன் அத்தான் "அவங்க கல்யாணம், அவங்க இஷ்டம்" என்று செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவரை நம்பி நான் எந்த வழக்கில் ஜெயித்திருக்கிறேன், இதில் ஜெயிக்க?

பெண் வீட்டார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கியிருந்தார்கள். பெண்ணை அழைத்து வர மாப்பிள்ளை போனது மின்ஸ்கூட்டரில். முப்பத்திரண்டு ஸ்கூட்டர், கைப்பிடி ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன், முன்னால் போனவன் வண்டியில் சிப்பி விற்கிற ஒலிபெருக்கி. அதில் கல்யாணப் பாட்டு போடுகிறேன் என்று எதையோ அழுத்தியிருக்கிறான், கடைத்தெரு நெடுக "புதுச் சிப்பி, இன்னிக்குப் புடிச்ச சிப்பி" என்று கத்திக்கொண்டே போயிருக்கிறது. இரண்டு கிழவிகள் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டார்களாம்.

விடுதியில் மூன்றாம் மாடிக் கதவைப் பெண்ணின் தோழிகள் அடைத்துக்கொண்டார்கள். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். சிவப்பு உறையைக் கதவிடுக்கில் தள்ளினால் திறப்பார்கள். இவர்கள் உறையையும் வாங்கிக்கொண்டு திறக்கவில்லை. மாப்பிள்ளைத் தோழர்கள் ஏழு பேரும், எல்லாம் படகில் போகிற தடியன்கள், பூப்போட்ட சமையல் அங்கியைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். பாகற்காய்ச் சாற்றில் கடுகை அரைத்துப் போட்டு ஆளுக்கொரு கோப்பை குடித்தார்கள். பிறகு மணப்பெண்ணின் செருப்பைத் தேடும் படலம். நான் வீட்டில் நாத்தனார் மகளின் போனில் இதையெல்லாம் நேரடியாகப் பார்த்துக்கொண்டு, "டேய், நல்ல நேரம் போகுதுடா! கட்டில் அடியில பாருடா!" என்று கத்துகிறேன். அவனுக்கு எப்படிக் கேட்கும்? கடைசியில் செருப்பு ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கியது. செருப்பு என்றால் பட்டுச் செருப்பு என்று நினைக்காதே. வெள்ளைக் கான்வாஸ் ஷூ! மேலே பொன் பறவை தைத்த சிவப்புச் சட்டை, கீழே ஓடுகிற ஷூ.

அதோடு விட்டார்களா? வாசலுக்கு வந்து இறங்கியதும் அவளுடைய தோழிகள் நாலு பேர் என்னையும் உன் அத்தானையும் பிடித்துக்கொண்டார்கள். அவர் தலையில் காகிதக் கிரீடம், கழுத்தில் விளக்குமாறு. என் இரண்டு கன்னத்திலும் உதட்டுச் சாயத்தால் வட்டம், மூக்கில் ஷூ பாலிஷ். "எங்க ஊர்ல மாமியார் மொகத்துல எவ்வளவு கலரோ அவ்வளவு அதிர்ஷ்டம் அத்தை! பந்தி முடியற வரைக்கும் கழுவக் கூடாது!" என்றாள் ஒருத்தி. நான் கையைத் தட்டிவிட்டுத் திட்ட வாயெடுத்தேன். வாசலில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டிச் சிரிக்கிறார்கள். உன் அத்தானும் சிரிக்கிறார். முப்பது வருஷத்தில் அவர் பல் இத்தனை தெரிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரே நினைப்புதான். நாலு வருஷம் கழித்து என் தம்பி வருகிறான், இந்த மூஞ்சியோடா நான் அவனை வரவேற்பேன்?

அதற்கு முன்னால் நீ வந்தது அம்மாவின் காரியத்துக்கு. மூன்று நாள் மண்டியிட்டிருந்தாய், என்னோடு மூன்று வார்த்தை பேசவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பந்தி. கோயில் மைதானத்தில் பந்தல், இருபத்திரண்டு மேசை. பந்தி சமைக்கிற லியாவ்தான் சமையல், நம் தீவில் வேறு யார்? பதினொன்றரை ஆனது, எல்லா மேசையிலும் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று, தலைமேசையில் உன் நாற்காலி மட்டும் காலி. மாமன் உட்காராமல் வெடி கொளுத்தக் கூடாது, வெடி வெடிக்காமல் யாரும் சாப்பாட்டுக் குச்சியைத் தொடக் கூடாது. இது ரூயிக்குத் தெரியாது, ஆனால் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு வாய்க்கும் தெரியும். ஜனங்கள் தர்பூசணி விதையைக் கொறிக்கத் தொடங்கினார்கள். உனக்குத் தெரியுமே, நம் ஆட்கள் விதை கொறிக்கிற சத்தத்திலேயே கோபம் தெரியும்.

நான் மைதான வாசலுக்கும் பாலத்துச் சாலைக்கும் நடந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கறுப்புக் கோட்டு போட்ட ஆள் இறங்கினான், உன்னைப் போலவே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு. "ஆ-குன்!" என்று உன் செல்லப் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன், இந்த வயதில், அந்த முகத்தோடு. அவன் கேக் கொண்டுவந்தவன். என்னைப் பார்த்துப் பயந்து கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். "அம்மா, பாதிப் பணம்தான் கட்டியிருக்கீங்கம்மா" என்கிறான். மைதானமே பார்த்தது. சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, போகன்.

தலைமேசைக்கு மீன் வந்துவிட்டது. பெரிய களவா, ஆவியில் வேகவைத்தது, தலை உன் நாற்காலியைப் பார்த்து. நீ குச்சி வைத்தால்தான் மற்றவர்கள் தொடலாம். அது காலி நாற்காலியை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு ஆறியது. நான் எடுத்துப் போய் லியாவிடம் கொடுத்துச் சூடு பண்ணச் சொன்னேன். வந்தது, மறுபடியும் ஆறியது. மறுபடியும் கொடுத்தேன்.

உன் அத்தானின் அண்ணன் எழுந்து வந்தார். "ஜனங்க பசியில இருக்காங்கம்மா. மாமன் மொறையில யாராச்சும் ஒருத்தன உக்கார வெச்சு வெடியக் கொளுத்து. ரோங்தியான் இருக்கானே, அவனும் உனக்குத் தம்பிதானே" என்றார். ரோங்தியானுக்குச் சொல்லவும் வேண்டுமா? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உன் மெத்தையில் உட்கார்ந்தே விட்டான். குச்சியையும் எடுத்துவிட்டான். நான் போய் அவன் காலரைப் பிடித்தேன்.

"எந்திரிடா. அது உன் நாற்காலி இல்ல."

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்கக்கா."

"பாக்கட்டும். உன் அக்கா புள்ள கல்யாணத்துல போய் உக்காரு. இது போகன் எடம்."

"அவன் வந்தாத்தானே அவன் எடம்?"

அந்த வார்த்தைக்கு நான் அவனை அடித்திருப்பேன். உன் அத்தான் நடுவில் வந்து, கிரீடத்தோடு, எங்கள் இரண்டு பேரையும் பிரித்துவிட்டார். மீன் மறுபடியும் ஆறிப்போயிருந்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது தடவையாக அடுப்படிக்குப் போனேன்.

இனி நான் எழுதப்போவதுதான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் கை பழகுவதற்காக எழுதியது.

லியாவ் தட்டை வாங்கவில்லை. கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மூணாவது தடவ வெச்சா மீன் பஞ்சாயிடும்க்கா. அன்னிக்கு உன் தம்பிக்கும் இதையேதான் சொன்னேன்" என்றான். எந்த அன்றைக்கு என்று கேட்டேன். "ஐஸ் பாக்டரி கேன்டீன்ல. அவன் கல்யாணத்துல" என்றான்.

உன் கல்யாணத்துக்கு அவன்தான் சமைத்தான் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் வரவில்லையே. அம்மா போகக் கூடாது என்றாள். கணவன் செத்தவள், குயிஜோவிலிருந்து கையில் குழந்தையோடு வந்தவள், அவளை அவன் கட்டினால் நம் வீட்டில் யாரும் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றாள். நான் உன்னிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று காலையில் கால் வலி என்று ஆள் அனுப்பினேன். கால் வலிக்கவில்லை. அது உனக்கும் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்று மாலை அம்மா வந்து, "அவ வராட்டிப் போகட்டும், எனக்கு அக்காவே இல்லன்னு சொல்லிட்டான்" என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் பதின்மூன்று வருஷமாகக் கையில் வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

லியாவ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆறு மேச போட்டான். ரெண்டு மேசதான் நெறஞ்சுது, எல்லாம் பாக்டரி ஆளுங்க. தலைமேசையில அம்மாவுக்கு நாற்காலி போடல, உனக்குத்தான் போட்டான். அக்கா வருவா, கால் வலியாம், மெதுவா வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். மீன் தலைய உன் நாற்காலிப் பக்கம் திருப்பி வெச்சான். ரெண்டு தடவ சூடு பண்ணேன். ரெண்டு மணிக்கு அந்தக் கொழந்த பசிக்குதுன்னு அழுதுச்சு, அப்பதான் எல்லாரையும் சாப்பிடச் சொன்னான். அப்பவும் மீன் தலைய யாரையும் தொட விடல. டப்பாவுல போட்டு எடுத்துக்கிட்டுப் போனான்."

எனக்கு அக்காவே இல்லை என்று நீ சொன்னாயா என்று கேட்டேன். லியாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அவன் எங்க அப்படிச் சொன்னான்? அக்கா அக்கான்னு அவன் சொன்னதக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு" என்றான். இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீ கேட்டியா?" என்றான்.

டப்பா. போகன், உன் கல்யாணத்தன்று சாயங்காலம் என் வாசற்படியில் ஒரு டப்பா இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு மீன் தலை. யாரோ மீதியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எரிச்சலோடு மதில் மேல் இருந்த பூனைக்குப் போட்டேன். டப்பா நல்ல டப்பா என்று கழுவி எடுத்து வைத்தேன். இன்றைக்கும் அதில்தான் உப்பு வைத்திருக்கிறேன்.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எல்லோரும் முகம் கழுவப் போகிறேன் என்று நினைத்தார்கள். கூடத்தில் ஏணியைப் போட்டு ஏறி, உன் பட்டில் நான் குத்தியிருந்த காகிதப் பூவைப் பிய்த்து எறிந்தேன். அந்தப் பூவை ஏன் குத்தினேன் என்று இப்போது சொல்கிறேன். பட்டின் ஓரத்தில் தாய்மாமன் பெயர் போடுகிற இடத்தில் நீ உன் மனைவி, மகள் பெயரையும் சேர்த்து மூன்று பெயர் போட்டிருந்தாய். சுவாங் போகன், வெய் சூமெய், யாயா. உன் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி மற்ற இரண்டையும் மறைத்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது, இனி என்னைத் தடுக்க ஆளும் இல்லை. நானாகத்தான் செய்தேன்.

அழைப்பிதழிலும் அதே வேலைதான். ரூயி போனில் இதயம் துடிக்கிற மாதிரி ஓர் அழைப்பிதழ் செய்திருந்தாள். உனக்கு அனுப்ப "மாமி பேரு என்ன அத்தை?" என்று கேட்டாள். அது வேண்டாம், மாமா பெயர் மட்டும் போடு என்றேன். அதையும் நான் அனுப்பவில்லை, ரோங்தியான் வழியாகத் தள்ளிவிட்டேன். தாய்மாமனை அழைக்க மாப்பிள்ளையே பன்றிக்காலும் சேமியாவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? உரும்சி நாலாயிரம் கிலோமீட்டர், யார் போவது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். தூரம் ஒரு காரணம் இல்லை. போனால் சூமெய் கையால் ஒரு கோப்பை தேநீர் குடிக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன். இப்படிக் கூப்பிட்டால் நீ எப்படி வருவாய்? நானே வந்திருக்க மாட்டேன். ஆனாலும் நீ பட்டு அனுப்பினாய்.

ஏணியில் உட்கார்ந்து அழுதேன். ஷூ பாலிஷ் கண்ணுக்குள் போய் இன்னும் எரிந்தது. ரூயி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் நின்று பட்டைப் படித்தாள். "மாமி பேரு அழகா இருக்கே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, தன் பட்டுச் சட்டைக் கையாலேயே என் கண்ணைத் துடைத்தாள். புதுச் சட்டை பாழ். கண்ணை மட்டும்தான் துடைத்தாள். கன்னத்துச் சாயத்தை விட்டுவிட்டாள், அதிர்ஷ்டமாம். மாமா வராமல் ஊர் சாப்பிடக் கூடாது, ஊர் சாப்பிடாமல் கல்யாணம் இல்லை, மணி ஒன்று ஆகிறது, நான் என்ன செய்வேன் என்று அவளிடம் புலம்பினேன். மருமகளாக வந்த முதல் நாளே மாமியார் புலம்பலைக் கேட்கிறாள், பார்!

அவள் மைதானத்துக்கு ஓடினாள். அந்த ஷூ எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. சிப்பிக்காரனின் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினாள். "பெரியவங்களே, ஒரு விஷயம்! மாமாவும் மாமியும் நாங்க மண்டியிட்டுக் குடுக்கற டீய இன்னும் குடிக்கல. அவங்க குடிக்காம எங்க கல்யாணம் முடியாதாம். அதனால இன்னிக்கு நடக்கறது கல்யாணம் இல்ல, ஒத்திகை! ஒத்திகைக்கு வெடி கெடையாது, மாமா நாற்காலியத் தொடக் கூடாது, தலைமேச மீனையும் தொடக் கூடாது. மத்த எல்லாத்தையும் வழிச்சுச் சாப்பிடுங்க!" என்றாள்.

பிறகு உன் அத்தானின் அண்ணன், அந்த முசுடு, முதல் ஆளாகச் சிரித்தார். "ஒத்திகையே இருபத்திரண்டு மேசன்னா கல்யாணத்துக்கு எத்தன மேசடா?" என்று கேட்டார். அவ்வளவுதான், மைதானம் முழுக்கக் குச்சிச் சத்தம். எனக்கு அப்போதும் எரிச்சல்தான். என் ஒரே மகனின் கல்யாணம் ஒத்திகையாம்! ஆனால் உன் நாற்காலி காலியாகவே இருந்தது, உன் மீனை யாரும் தொடவில்லை. அந்தப் பெண் வேறு எதைச் செய்திருந்தாலும் நான் மன்னித்திருக்க மாட்டேன்.

இப்போது ஊரில் என் பிழைப்பைப் பார். மார்க்கெட்டுக்குப் போனால் "என்ன பீயுன், கல்யாணம் எப்ப?" என்று கேட்கிறார்கள். வெடிச்சரம் பிரிக்காமல் என் கட்டில் அடியில் கிடக்கிறது. பட்டை இறக்கக் கூடாது என்று ரூயி சொல்லிவிட்டாள். மீன் தலை ஃப்ரீசரில் இருக்கிறது, உப்பு டப்பாவைக் காலி செய்து கழுவி அதில்தான் வைத்தேன். ஐஸ் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உன் அத்தான் பயந்து சாகிறார்.

தேனிலவுக்கு எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். கடற்கரை எங்கேயாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். இந்த மாதம் பதினெட்டாம் தேதி உரும்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். பன்றிக்கால், சேமியா, தேநீர்க் கோப்பை எல்லாம் ஒரு பெட்டியில் கட்டியாயிற்று. அழைப்பிதழையும் புதிதாக, காகிதத்தில், யீஃபெங் கையாலேயே எழுதவைத்தேன். மூன்று பெயரும் இருக்கிறது. யாயாவுக்கு என்ன அளவு என்று தெரியாமல் ஒரு கம்பளிச் சட்டை பின்னியிருக்கிறேன். அன்றைக்குப் பசிக்கிறது என்று அழுத குழந்தை இப்போது மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பெண்ணாக இருப்பாள். என்னை யார் என்று அவளுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன்.

டிக்கெட் மூன்று, போகன். மூன்றாவது எனக்கு. தேனிலவுக்கு மாமியாரைக் கூட்டிக்கொண்டு போகிற முதல் பெண் உலகத்திலேயே இவள்தான் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

வர வேண்டாம் என்றால் ரோங்தியானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் டிக்கெட்டைக் கிழித்துவிடுகிறேன், பிள்ளைகள் மட்டும் வருவார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் வருவேன். எனக்குத் தலைமேசை வேண்டாம். வாசல் ஓரமாக ஒரு ஸ்டூல் போடு. நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன், கால் வலி. மீன் வைத்திருந்தால் சூடு பண்ண வேண்டாம், ஆறினதே சாப்பிடுவேன்.

என் தம்பி மனைவி சூமெய்க்கு என் வணக்கம். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா
பீயுன்